நிதானித்து அறிகிறவர்கள்

பெரியவர்களே, தாய்மார்களே, வாலிபப் பிள்ளைகளே,

வீட்டிலிருந்து ஒரு பிள்ளை வெளியூருக்குப் புறப்பட்டால் நம் ஊரில் வாசல் வரை வந்து சொல்கிற கடைசி வார்த்தை, "நிதானமாப் போயிட்டு வா". அந்த வார்த்தை வேதாகமத்திலும் இருக்கிறது. "தீர்க்கதரிசிகள் இரண்டுபேராவது மூன்றுபேராவது பேசலாம், மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்" என்று கொரிந்து சபைக்குப் பவுல் எழுதினார். எது தேவனிடத்திலிருந்து வந்தது, எது மனுஷனுடைய ஆசையிலிருந்து வந்தது என்று ஆராய்ந்து முடிவுக்கு வருவதற்கு நம் பழைய மொழிபெயர்ப்பு எடுத்துக்கொண்ட சொல் நிதானித்தல். அவசரப்படாதே என்பதும் ஆராய்ந்து அறி என்பதும் தமிழில் ஒரே வேரிலிருந்து வருவது பெரிய பாக்கியம். ஈஸ்டருக்கு முந்தின உபவாச காலமான இந்த லெந்து நாளில் நாம் தியானிக்கப்போவது அந்த ஒரு சொல்லைத்தான்.

சாலொமோன் கேட்டது இதைத்தான். ஆஸ்தி கேட்கவில்லை, நீடித்த ஆயுசு கேட்கவில்லை. "நன்மைதீமை இன்னதென்று வகையறுக்கவும்" ஞானமுள்ள இருதயம் வேண்டும் என்றான். எபிரெயருக்கு எழுதின நிருபம் இதையே பகுத்தறிதல் என்று சொல்லுகிறது. தமிழ்நாட்டில் பகுத்தறிவு என்றதும் வேறொரு மேடை நினைவுக்கு வரும். ஆனால் அந்தச் சொல் நம் வேதாகமத்திலும் தொன்றுதொட்டு இருக்கிறது, அதைப் பேச நமக்குக் கூச்சம் வேண்டியதில்லை.

எபிரெயர் 5:14-ஐ மெதுவாக வாசியுங்கள். "பலமான ஆகாரம் நன்மை தீமையின்னதென்று பகுத்தறியத்தக்கதாக முயற்சியினால் பயிற்சிபெற்ற ஞானேந்திரியங்களையுடைய பூரண வயதுள்ளவர்களுக்கே தகும்." முயற்சி, பயிற்சி என்று இரண்டு சொற்கள். பயிற்சி என்ற இடத்தில் மூலமொழியான கிரேக்கத்தில் இருப்பது, உடற்பயிற்சிக் கூடத்தில் ஓடியும் மல்லுக்கட்டியும் பழகுகிறவனைப் பற்றிச் சொல்லும் சொல். 1 கொரிந்தியர் 12-ல் வருகிற "ஆவிகளைப் பகுத்தறிதல்" ஒரு வரம். ஆவியானவர் தமது சித்தத்தின்படி சிலருக்குப் பகிர்ந்து கொடுக்கிறார். எபிரெயர் 5-ல் சொல்லப்படுவது விசுவாசி ஒவ்வொருவரும் பழகிப் பெற வேண்டியது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால்தான், "அது ஊழியக்காரருக்கு உள்ளது, நமக்கு எதுக்கு" என்று நம்மில் பாதிப்பேர் பயிற்சியைத் தொடங்கவே இல்லை.

பயிற்சி எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் நம் செம்மணல் தேரிக்காட்டுப் பனையைப் பாருங்கள். பனையேறும் அண்ணாச்சி காலையிலும் மாலையிலும் ஏறிப் பாளையைச் சீவுகிறார். மெல்லிசாக, ஒரு சீவல். அந்தச் சீவல் நின்றால் வெட்டுவாய் காய்ந்து ஊறல் நின்றுபோகும். நாலு நாள் ஏறாமல் இருந்துவிட்டு ஐந்தாம் நாள் ஆழமாக ஒரு வெட்டு வெட்டினால் பதநீர் வந்துவிடாது, பாளைதான் கெடும். கன்வென்ஷன் என்ற எழுப்புதல் கூட்டம் மூன்று நாளும் கண்ணீரோடு உட்கார்ந்துவிட்டு மற்ற நாளெல்லாம் வேதத்தைத் திறக்காதவர்களுக்கு நேருவது இதுதான்.

கலயத்தையும் பாருங்கள். உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது பதநீர். தடவாமல் கட்டினால் அதே மரத்தில், அதே பாளையில், அதே இரவில் இறங்குவது கள். மரத்தில் குற்றமில்லை, புளிப்பதைத் தடுக்க உள்ளே ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். நாம் கேட்கிற பிரசங்கம், பாட்டு, வாட்ஸ்அப்பில் வருகிற "தேவ செய்தி" எல்லாம் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கின்றன. உள்ளே வசனம் தடவியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. சுண்ணாம்பு கூடிப்போனாலும் ஆபத்து, வாய் வெந்துபோகும். அதைப் பின்னால் சொல்லுகிறேன்.

வசனத்தைத் தடவுவது எப்படி? தினம் ஒரு வசனம் படிப்பது போதாது, ஒரு புஸ்தகம் முழுவதையும் வாசியுங்கள். பிலிப்பியருக்கு எழுதின நிருபம் 4 அதிகாரம், 104 வசனம். வாய்விட்டு வாசித்தால் சுமார் 15 நிமிஷம். ஒரே நிருபத்தைத் தொடர்ந்து 30 நாள் வாசியுங்கள். பத்தாம் நாள் சலிப்பு வரும். வேறு புஸ்தகத்துக்குத் தாவாதீர்கள். இருபதாம் நாளுக்குமேல் பவுல் எப்படி யோசிக்கிறார் என்பது உங்களுக்குப் பிடிபடும். எதைக் குறித்துச் சந்தோஷப்படுகிறார், எதை நஷ்டமென்று எண்ணுகிறார் என்று தெரியும். அதற்குப் பிறகு மேடையில் ஒருவர் பவுலின் பெயரைச் சொல்லிப் பவுல் சொல்லாததைச் சொன்னால், எந்த வசனம் என்று எடுத்துக் காட்டத் தெரியாவிட்டாலும், இது சேரவில்லையே என்று உள்ளே ஒன்று உறுத்தும். "வாயானது போஜனத்தை ருசிபார்க்கிறதுபோல, செவியானது வார்த்தைகளைச் சோதித்துப்பார்க்கிறதல்லவா?" என்று யோபு கேட்டது இந்த உறுத்தலைத்தான். கருப்பட்டியை உடைத்து ஒரு துண்டை நாக்கில் வைத்ததும் "இதுல சீனி கலந்திருக்கு" என்று சொல்லுகிற ஆச்சிக்கு எந்த ஆய்வுக்கூடமும் தேவையில்லை. சுத்தமான கருப்பட்டியை நாற்பது வருஷம் தின்ற நாக்கு அது. கலப்படத்தை ஒவ்வொன்றாகப் படித்துத் தீராது. அசலைத் தின்று பழக வேண்டும். நிருபத்தோடு கூட நீதிமொழிகளில் தேதிக்கு ஒரு அதிகாரம், 31 அதிகாரம், மாதம் ஒரு சுற்று. வீட்டுக் காரியத்துக்கு இதைவிட நேரடியான புஸ்தகம் இல்லை.

இந்தத் திருநெல்வேலிச் சீமையில் சுவிசேஷம் பரவின விதத்தையும் இந்த இடத்தில் நினைக்க வேண்டும். 1820-ல் மிஷனரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தபின் கிராமத்துக்குக் கிராமம் சபையோடு பள்ளிக்கூடமும் எழும்பியது. எழுத்து மறுக்கப்பட்டிருந்த ஜனங்கள் தாங்களே வேதத்தை வாசிக்க ஆரம்பித்தார்கள். பெரோயா பட்டணத்தார் பவுலின் பிரசங்கத்தையே "காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று" தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்து பார்த்தார்கள். அதற்காக வேதம் அவர்களை நற்குணசாலிகள் என்கிறது. பிரசங்கியாரைச் சரிபார்ப்பது அவமரியாதை என்று எண்ணுகிற பிள்ளைகள் அப்போஸ்தலர் 17:11-ஐ அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, எங்கே தவறுகிறோம் என்பதற்கு வருவோம். யோசுவா 9-ம் அதிகாரம். கிபியோன் ஊரார் இஸ்ரவேலருக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள். இஸ்ரவேலர் தங்களை அழித்துப்போடுவார்களென்று பயந்தார்கள். தூர தேசத்திலிருந்து வந்தவர்களைப்போல வேஷம் போட்டார்கள். பழைய சாக்குப் பை, கிழிந்து தைத்த துருத்தி, ஒட்டுப்போட்ட செருப்பு, உலர்ந்து பூசணம் பூத்த அப்பம். இஸ்ரவேலருக்கு முதல் சந்தேகம் சரியாகவே எழுந்தது. நீங்கள் எங்கள் நடுவிலே குடியிருக்கிறவர்களாயிருக்கலாமே என்று 7-ம் வசனத்தில் வாய்விட்டே கேட்டார்கள். பதிலுக்குக் கிபியோனியர் அப்பத்தைக் காட்டினார்கள். இவர்கள் வாங்கிப் பார்த்தார்கள். சோதனை நடந்தது, சாட்சியும் பொருந்தியது. ஆனால் 14-ம் வசனம் சொல்லுகிறது: "கர்த்தருடைய வாக்கைக் கேளாமல்". உங்களை உயிரோடே விடுவோம் என்று அன்றைக்கே உடன்படிக்கை, அன்றைக்கே ஆணை. மூன்று நாள் கழித்து உண்மை வெளியே வந்தது. மூன்றே நாள் பொறுத்திருந்தால் போதும்! கொடுத்த ஆணையோ பல தலைமுறைக்குக் கட்டிப்போட்டது. சவுல் அதை மீறினதற்காகத் தாவீதின் நாளில் மூன்று வருஷம் பஞ்சம் வந்ததென்று 2 சாமுவேல் 21 சொல்லுகிறது.

இந்த அப்பம் இன்றைக்கும் ஆலய வாசலுக்கு வருகிறது. ஆராதனை முடிந்து நிற்கும்போது ஒருவர் கைகொடுக்கிறார். "ஸ்தோத்திரம் அண்ணாச்சி. ஒரு லட்சம் போட்டா மாசம் 10,000. நம்ம ஆளுகதான் நடத்துறாங்க, தசமபாகம் எடுத்து வச்சிட்டுத்தான் பங்கே பிரிப்பாங்க. வெள்ளிக்கிழமையோட முடியுது." கணக்குப் போடுங்கள். மாதம் 10,000 என்றால் வருஷத்துக்கு 1,20,000. வருஷ வட்டி 120 சதவீதம். பாங்கில் நிரந்தர வைப்புக்குக் கிடைப்பது 6, 7 சதவீதம். மீதி எந்தத் தொழிலிலிருந்து வருகிறது? பெரும்பாலும் உங்களுக்குப் பின்னால் சேருகிறவரின் முதலிலிருந்து. முதல் மூன்று மாதம் தேதி தவறாமல் கைக்கு வருகிற அந்தப் பத்தாயிரம்தான் பூசணம் பூத்த அப்பம். அதைக் கண்ணால் பார்த்த நம்பிக்கையில் மைனி நகையையும் அடகு வைக்கிறோம்.

அங்கே நிதானிப்பது எப்படி? வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்ததுமே உங்கள் பதில் "அப்படின்னா வேண்டாம்" என்று இருக்கட்டும். பொதுஜனத்திடம் வைப்புத்தொகை வாங்க அந்த நிறுவனத்துக்கு அனுமதி உண்டா என்று ரிசர்வ் வங்கியின் சசேத் (Sachet) இணையதளத்தில் பாருங்கள். பார்க்கத் தெரியாவிட்டால் காலேஜில் படிக்கிற பிள்ளை பார்த்துச் சொல்லும். புகார் கொடுக்கவும் அதே இடம்தான். இது ஆவிக்குரிய காரியமா என்று கேட்காதீர்கள். விசாரிக்க வேண்டியதை விசாரிக்காமல் ஜெபம் மட்டும் பண்ணுவது ஒரு பக்கத் தப்பு. கிபியோனில் நடந்தது மறுபக்கத் தப்பு. விசாரித்துவிட்டு முழங்கால் போடுங்கள். போடும்போது முதலில் அறிக்கையிட வேண்டியது ஒன்று உண்டு: உழைக்காத பணத்தின்மேல் எனக்கு ஆசை இருக்கிறது என்பது. அதைச் சொல்லாதவரைக்கும் மற்றது ஒன்றும் தெளியாது.

தீர்க்கதரிசன வார்த்தைகளுக்கு வருகிறேன். 1860-ல் கிறிஸ்டியான்பேட்டைச் சுவிசேஷகர் அருளப்பன் நாளில் எழுப்புதல் எழும்பினபோது ஜனங்கள் அழுது பாவத்தை அறிக்கையிட்டார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள். அப்போதே சிலர் இது ஆவியானவர் என்றார்கள், சிலர் மனக்கிளர்ச்சி என்றார்கள். ஆகவே நம் சபைகளுக்கு இது புதுக் கேள்வியல்ல. 1 தெசலோனிக்கேயர் 5-ல் பவுல் சொல்லும் வரிசை எனக்கு மிகவும் அருமையாகத் தோன்றுகிறது. ஆவியை அவித்துப்போடாதிருங்கள், தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள், எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள், பொல்லாங்காய்த் தோன்றுகிற எல்லாவற்றையும் விட்டு விலகுங்கள். நம்மில் ஒரு கூட்டத்தார் முதல் வரியோடு நின்றுவிட்டோம், இன்னொரு கூட்டத்தார் கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொண்டோம். நடுவில் இருக்கிற "சோதித்துப்பார்த்து" என்பது யார் கையிலும் இல்லை.

யாராவது உங்கள்மேல் கை வைத்து, "கர்த்தர் உனக்குச் சொல்லுகிறார்" என்று ஒன்றைச் சொன்னால், அன்று இரவே ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். சொன்ன வார்த்தையை அப்படியே, தேதியோடு, சொன்னவர் பெயரோடு. எழுதாவிட்டால் ஒரு மாதத்தில் நம் ஞாபகமே அதைத் திருத்திவிடும். நடந்ததற்குத் தக்கபடி வார்த்தை மாறிவிடும். பிறகு கேளுங்கள். வேதத்துக்கு எதிராக இருக்கிறதா? இருந்தால் அதோடு முடிந்தது, அற்புதமே நடந்தாலும் சரி. உபாகமம் 13 அப்படித்தான் கட்டளையிடுகிறது. கிறிஸ்துவை உயர்த்துகிறதா, சொன்னவரையா? பணம் கேட்கிறதா? இத்தனை ரூபாய் காணிக்கை போட்டால் கட்டு உடையும் என்ற வார்த்தை வந்தால் மரியாதையாக எழுந்து வந்துவிடுங்கள். பயமுறுத்துகிறதா? "இதை யாரிடமும் சொல்லாதே" என்கிறதா? வெளிச்சத்தில் வைக்கக் கூடாத வார்த்தை வெளிச்சத்திலிருந்து வந்ததல்ல. இவ்வளவும் கடந்து நின்றாலும், அந்த வார்த்தை ஒன்றை மட்டும் வைத்து வேலையை விடாதீர்கள், வீட்டை விற்காதீர்கள், சம்பந்தத்தை முறிக்காதீர்கள்.

எரேமியா 28-ல் அனனியா எல்லார் முன்னிலையிலும் எழுந்து, பாபிலோனுக்குக் கொண்டுபோனதெல்லாம் இரண்டே வருஷத்தில் திரும்பி வரும் என்றான். எரேமியா அவனைப் பார்த்து "பொய்யன்" என்று உடனே கத்தவில்லை. "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றான். முன்னிருந்த தீர்க்கதரிசிகள் என்ன சொன்னார்கள் என்று நினைப்பூட்டினான். பாபிலோனுக்குக் கீழ்ப்படிவதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை அனனியா பிடுங்கி உடைத்தபோதும், "எரேமியா தீர்க்கதரிசி தன் வழியே போனான்" என்று எழுதியிருக்கிறது. அதற்குப் பின்புதான் கர்த்தருடைய வார்த்தை அவனுக்கு உண்டாயிற்று. தீர்க்கதரிசியே பதில் வரும்வரை வாய் மூடிப் போயிருக்கிறான். நிதானம் என்றால் எனக்கு இந்த வசனம்தான் கண்முன் நிற்கிறது.

அடுத்த அதிகாரமே எரேமியா 29. புதுவருஷ ராத்திரி ஆராதனையில், அந்த வருஷத்துக்கென்று ஒரு வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போது 29:11 கைக்கு வந்தால் எவ்வளவு சந்தோஷம்! "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்." ஆனால் அந்த அட்டையில் 10-ம் வசனம் இல்லை. எழுபது வருஷம் பாபிலோனில் இருக்க வேண்டும், அதற்குப் பிறகு என்கிறது அது. 8-ம் வசனமோ உங்கள் நடுவிலிருக்கிற தீர்க்கதரிசிகள் உங்களை மோசம்போக்க இடங்கொடாதிருங்கள் என்கிறது. கள்ளத் தீர்க்கதரிசனத்துக்கு விரோதமாக எழுதின கடிதத்திலிருந்து ஒரு வரியை வெட்டி நாம் குறி கேட்கிறோம். அட்டையைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. எடுத்த வசனத்துக்கு முன்னே பத்து வசனம், பின்னே பத்து வசனம் வாசித்து, யார் யாருக்கு எப்போது சொன்னது என்று எழுதி, அந்த வருஷம் முழுவதும் தியானியுங்கள். அப்போது அட்டை பிரயோஜனப்படும். கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து விரல் வைப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். கிதியோன் மயிருள்ள தோலைப் போட்டு, பனி அதன்மேல் மட்டும் பெய்கிறதா என்று கர்த்தரிடம் அடையாளம் கேட்டானே என்பார்கள். அவன் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கர்த்தர் தோலுக்கு முன்பே தெளிவாகச் சொல்லிவிட்டார். "நீர் சொன்னபடி" என்று அவனே தொடங்குகிறான். தோல் அவன் பயத்துக்குக் கர்த்தர் காட்டின இரக்கம். சித்தம் அறியும் முறை அல்ல.

கலியாண காரியத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பையனுக்கு வரன் பார்க்கும்போது சாதி இன்னது, நகை இத்தனை பவுன், வேலை இன்ன மாதிரி என்று மூன்றையும் நாமே முடிவுகட்டிவிட்டு, மிச்சமிருக்கிற இரண்டு பெண்ணில் எது தேவ சித்தம் என்று உபவாசம் இருக்கிறோம். இது கேட்பதல்ல, கையெழுத்து வாங்குவது. நூறு வருஷத்துக்கு மேலாகச் சுவிசேஷம் கேட்டும் இந்த இடத்தில் நம் ஞானேந்திரியம் மரத்துக் கிடக்கிறது என்பதைத் துக்கத்தோடு சொல்லுகிறேன். வரன் பார்க்கத் தொடங்கும் முன்பே தாயும் தகப்பனும் ஒரு தாளில் எழுதுங்கள்: எதையெதை நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம்? எழுதினதும் அந்தப் பட்டியலை ஜெபத்தில் வையுங்கள், பெண்ணின் போட்டோவை அப்புறம் வைக்கலாம். ரோமர் 12:2-ல் தேவ சித்தத்தைப் பகுத்தறிவதற்கு முன்னே "இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல்" என்று இருக்கிறது. வேஷத்தைக் கழற்றாமல் சித்தம் தெரியாது.

பொதுவாக எந்தப் பெரிய தீர்மானத்துக்கும் நோட்டில் முதல் வரியாக, "எனக்கு என்ன வேண்டும்" என்று உண்மையாக எழுதுங்கள். அந்த ஆசையை மறைத்து வைத்துக்கொண்டு ஜெபித்தால் அது ஆவியானவரின் குரலில் பேச ஆரம்பிக்கும். அடுத்து, இரண்டு பேரிடம் கேளுங்கள். ஒருவர் உங்களுக்கு "வேண்டாம்" என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூடியவராக இருக்க வேண்டும்; எப்போதும் ஆமாம் போடுகிறவரிடம் கேட்பது கேட்பதே அல்ல. துரோவாவில் மக்கெதோனியத் தரிசனத்தைக் கண்டது பவுல் ஒருவர்தான். அப்போஸ்தலர் 16:10-ஐப் பாருங்கள்: "அவன் கண்டபோது" என்று தொடங்கி, "நாங்கள் நிச்சயித்துக்கொண்டு" என்று தொடர்கிறது. பவுலுக்கே "நாங்கள்" தேவைப்பட்டது. நம் வட்டாரச் சபைகளைக் கவனிக்கிற சேகர குருவானவரிடம் கேளுங்கள், ஆனால் உங்கள் தீர்மானத்தை அவர் தலையில் ஏற்றிவிடாதீர்கள்.

மனசு சமாதானமாக இருக்கிறது, ஆகவே இது தேவ சித்தம் என்பதும் தனியே நிற்காது. கப்பலின் அடித்தட்டில் யோனாவும் அயர்ந்த நித்திரைதான் பண்ணினான். அதேபோல, மனசு வறண்டு கிடக்கிற நாளில் பழைய தீர்மானத்தை மாற்றக்கூடாது. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்து மணப்பாட்டுக் கரையில் ஊழியம் செய்த சவேரியாரின் தோழரும், இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவு சபையைத் தொடங்கினவருமான இஞ்ஞாசியார் இதை ஒரு விதியாகவே எழுதி வைத்தார்: ஆறுதல் அற்ற வேளையில் மாற்றம் செய்யாதே, தெளிவாக இருந்த நாளில் எடுத்த தீர்மானத்தில் உறுதியாக நில். அவர்கள் சபை வேறு, நம் சபை வேறு. ஆனாலும் இது சோதித்துப் பார்த்துப் பிடித்துக்கொள்ளத் தக்க நலமான காரியம். தூக்கம் கெட்டு, கடன்காரர் வந்துபோன ராத்திரியில் ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள். மூன்று இரவு கழியட்டும்.

ஆறு மாதம் கழித்து அந்த நோட்டைத் திரும்பத் திறக்க வேண்டும். பலித்ததை மட்டும் சாட்சி சொல்லி, பலிக்காததை மறந்துவிட்டால் பயிற்சி நடக்காது. தவறினதற்குப் பக்கத்தில் ஏன் தவறினது என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். அவசரம், பயம், ஆசை, முகஸ்துதி. உங்களுக்குத் திரும்பத் திரும்ப வருவது இந்த நாலில் எது என்று ஒரு வருஷத்தில் தெரிந்துவிடும்.

சுண்ணாம்பு கூடினால் வாய் வேகும் என்றேனே. கொஞ்சம் வேதம் படித்து, இரண்டு கள்ள உபதேசத்தைக் கண்டுபிடித்தவுடன் சிலருக்கு எல்லாப் பிரசங்கமும் பிசகாகத் தெரியும், எல்லா ஊழியரும் கள்ளராகத் தெரிவார்கள். அதைப் பகுத்தறிவின் ஆவி என்றும் சொல்லிக்கொள்வார்கள். யாக்கோபு 3:17-ஐ அவர்கள் கண்ணாடியாக வைத்துக்கொள்ளட்டும்: பரத்திலிருந்து வரும் ஞானம் "சமாதானமும் சாந்தமும் இணக்கமுமுள்ளதாயும், இரக்கத்தாலும் நற்கனிகளாலும் நிறைந்ததாயும்" இருக்கும். பிலிப்பியர் 1:9-லும் அறிவிலும் உணர்விலும் பெருக வேண்டியது அன்புதான். பிறரை நிதானிக்கிற நேரத்தில் பாதியாவது நம்மை நாமே நிதானிப்பதற்கு வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து இருக்கிறது. சனிக்கிழமை ராத்திரி டிவியை நிறுத்தி அரைமணி நேரம் 1 கொரிந்தியர் 11:27 முதல் 31 வரை வைத்துக்கொண்டு உட்காருங்கள். யாரிடம் பேச்சில்லாமல் இருக்கிறேன், யாருடைய பணத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை, கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் எதை மறைக்கிறோம் என்று பேர் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வரும்போது 1 இராஜாக்கள் 13-ம் அதிகாரத்தை மூன்று முறை வாசித்துக்கொண்டு வாருங்கள். யூதாவிலிருந்து வந்த தேவனுடைய மனுஷனிடம் பெத்தேலின் கிழவனான தீர்க்கதரிசி, "நானும் உம்மைப்போலத் தீர்க்கதரிசிதான்" என்று சொல்லி, தூதன் பேரில் பொய் சொல்லி, அவனைச் சாப்பிட அழைத்துப்போகிற அதிகாரம் அது. எந்த வசனத்தில் அவன் நின்று யோசித்திருக்க வேண்டும், அப்போது யாரிடம் என்ன கேட்டிருக்க வேண்டும் என்று நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.